ஓவர்டைமும் ஊர்ப் பயணமும் தப்பாமல் இருக்க ஒரு நோட்டு

காலை லோக்கல் ரெயிலில் வேலைக்குப் போகும் நம்மவர் ஒருவரின் சட்டைப் பையில் என்ன இருக்கும்? ரெயில் பாஸ், கொஞ்சம் சில்லறை, செல்போன். அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்றால் இவற்றோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு குறிப்பு நோட்டும் இருந்திருக்கும். ஊர் விலாசங்கள், மணியார்டர் அனுப்பிய தேதி, சீட்டுப் பணம் கட்டிய கணக்கு, கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது எல்லாம் அதற்குள் அடக்கம். மாதுங்காவிலும் தாராவியிலும் பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதை விடவில்லை. அவர்களைப் பார்த்து இளவட்டங்கள் சிரிக்கிறார்கள்.

சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. செல்போனில் எல்லாம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் போன் தொலைந்தால், தண்ணீரில் விழுந்தால், அதைத் திறக்கும் எண் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் மயக்கமாகக் கிடந்தால், உள்ளே இருப்பது யாருக்கும் உதவாது. இன்னொன்றும் உண்டு. கூலித் தகராறு என்று வரும்போது, "எங்கோ போனில் குறித்து வைத்தேன்" என்பவரின் பேச்சுக்கும், பேனாவால் நாள்தோறும் எழுதிய நோட்டை மேஜை மீது வைப்பவரின் பேச்சுக்கும் வேறுபாடு இருக்கிறது.

கூலித் தகராறு

முதலில் ஓவர்டைம் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கூடுதல் நேரம் வேலை பார்த்தால் இரட்டிப்புக் கூலி என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதே இரட்டிப்பைத்தான் சொல்கிறது. சட்டத்தில் குழப்பம் இல்லை. எத்தனை மணி நேரம் என்பதில்தான் குழப்பம். பதிவேடு முதலாளி கையில். பட்டறையிலோ சின்னக் கம்பெனியிலோ அந்தப் பதிவேடே இருக்கிறதா என்பது சந்தேகம்.

சம்பள நாளன்று, "போன மாசம் நிறைய நேரம் இருந்து வேலை பார்த்தேனே, சேட்" என்று கேட்டால், "எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறேன்" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். அதையே, "7-ந்தேதி மூன்று மணி நேரம், 11-ந்தேதி இரண்டு, 12-ந்தேதி நான்கு, 20-ந்தேதி மூன்று, ஆக மொத்தம் பன்னிரண்டு" என்று சொன்னால் அவரும் தம் கணக்கை எடுத்துத்தான் ஆக வேண்டும். இதற்கு ஆகும் செலவு, இரவு படுக்கப் போகுமுன் ஒரு நிமிடம். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எந்த வேலை. மூன்றே விவரம் போதும். விடுப்பு எடுத்த நாளையும் எழுத வேண்டும். வேலைக்குப் போன நாளை மட்டும் எழுதி, போகாத நாளை விட்டுவிட்டால், பிறகு பார்க்கும்போது அது விடுப்பா, எழுத மறந்ததா என்று தெரியாது.

இந்த நோட்டை லேபர் ஆபீசிலோ கோர்ட்டிலோ மதிப்பார்களா என்று கேட்பீர்கள். தனியாக அது ஒன்றே போதும் என்று சொல்ல முடியாது. ஆனால் சாட்சி சொல்பவர், சம்பவம் நடந்தபோதோ அல்லது நினைவு மங்குவதற்குள்ளோ தானே எழுதி வைத்ததைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டு பதில் சொல்லலாம் என்பது 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது இருக்கிறது. "எழுதியபோதே" என்பதுதான் இதில் முக்கியம். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மையில் எழுதியது பார்த்தாலே தெரிந்துவிடும்.

நோட்டுக்கும் துண்டுக் காகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சுப்ரீம் கோர்ட்டே ஒரு முறை பேசியிருக்கிறது. நாட்டையே உலுக்கிய ஜெயின் ஹவாலா வழக்கில், 1991-ல் கைப்பற்றிய டைரிகளும் காகிதங்களும் கணக்குப் புத்தகம் ஆகுமா என்ற கேள்வி வந்தது. 1998-ல் தீர்ப்பு சொன்ன கோர்ட்டு, சுருள் கம்பி கட்டிய நோட்டுகள் புத்தகம்தான், உதிரித் தாள்கள் புத்தகம் ஆகா என்றது. அந்த நோட்டில் எழுதியிருந்தது மட்டுமே ஒருவரைக் குற்றவாளியாக்கப் போதாது என்றும் சொன்னது. பெரிய இடத்து வழக்குதான். ஆனாலும் சீட்டுக் கணக்கைச் சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

சீட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனி என்றால் பாஸ்புத்தகம் உண்டு, 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் உண்டு. நடத்துகிறவருக்குக் கமிஷன் எவ்வளவு என்பதற்கும் வரம்பு உண்டு. ஐந்து சதவீதமாக இருந்த அந்த வரம்பை 2019-ல் ஏழாக உயர்த்தினார்கள். சாலில் பக்கத்து அறை அக்கா நடத்தும் சீட்டுக்கு இவை எதுவும் கிடையாது. நம்பிக்கைதான் அங்கே பத்திரம். அந்த நம்பிக்கை கெடாமல் இருக்கவாவது, ஒவ்வொரு மாதமும் கட்டிய தொகை, ஏலம் போன தொகை, எடுத்தவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி, பணம் வாங்கியவரிடம் பக்கத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். "என்னண்ணே, என்னை நம்பலையா?" என்று அக்கா கேட்டால், "எனக்குத்தான் ஞாபகம் நிற்க மாட்டேங்குதுக்கா" என்று சொல்லிவிடலாம். தண்டல் கடனுக்கும் இதுவே. தண்டல்காரர் தம் அட்டையில் எழுதிக்கொண்டு போவார். அதே தேதியில் நம் நோட்டிலும் எழுத வேண்டும்.

நாற்பது ஆண்டுக்குப் பிறகு

காகிதம் எவ்வளவு காலம் கழித்துத் தேவைப்படும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. 1982 ஜனவரியில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். மில்கள் ஒவ்வொன்றாக மூடின. பிறகு மில் நிலத்தில் தொழிலாளர்களுக்கு வீடு என்ற திட்டம் வந்தபோது, 1982 ஜனவரி 1-ந்தேதியிலோ அதற்குப் பிறகோ வேலையில் இருந்தவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மில் அடையாள அட்டை, டிக்கெட் நம்பர், சர்வீஸ் சர்ட்டிபிகேட், பி.எப். நம்பர், இ.எஸ்.ஐ. நம்பர் என்று பட்டியல் நீண்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். அவர்களில் பலர் அதற்குள் காலமாகி, பிள்ளைகள் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் டிக்கெட் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைத்த வீட்டுக்கு விசாரிக்க ஒரு நுனியாவது கிடைத்தது.

தாராவிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-ந்தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பிறகு வந்தவருக்கு வேறு இடம், வேறு நிபந்தனை. ஒரு தேதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பழைய கரண்டு பில்லும் வாக்காளர் பட்டியலும்தான் சொல்ல வேண்டும். ஆகவே, வீட்டு நோட்டில் இரண்டு பக்கம் இதற்காகவே ஒதுக்க வேண்டும். எந்தக் காகிதம், என்ன நம்பர், என்ன தேதி, எந்தப் பெட்டியில் எந்தக் கவரில் இருக்கிறது. ஜெராக்ஸ் யாரிடம் கொடுத்தோம், மூலத்தைத் திருப்பி வாங்கினோமா. கடைசிக் கேள்வியை எழுதாதவர்கள்தான் அதிகம்.

அறுபது நாள் கணக்கு

இனி நல்ல விஷயம். ஊருக்குப் போவது. ரெயிலில் 120 நாள் முன்பதிவு இருந்ததை 2024 நவம்பர் 1-ந்தேதி முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பயணத் தேதியைச் சேர்க்காமல் 60 நாள். பொங்கலுக்கு ஜனவரி 11-ந்தேதி ரெயில் ஏற வேண்டும் என்றால் நவம்பர் 12-ந்தேதி காலை எட்டு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரசிலும், தாதரிலிருந்து போகும் சாளுக்கியா எக்ஸ்பிரசிலும் பொங்கலுக்கு இடம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பது மணிக்கு நினைவு வந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

இதற்கு ஒரு எளிய வழி. புது டைரி கைக்கு வந்ததும், பொங்கல், ஊர்க் கொடை, தீபாவளி, பள்ளி விடுமுறை என்று போக வேண்டிய நாட்களைக் குறித்துவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் 60 நாள் பின்னுக்கு எண்ணி, அந்தப் பக்கத்தில் "இன்று டிக்கெட்" என்று சிவப்பில் எழுதிவிட வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன் பக்கத்தில் "லீவு கேட்டாயிற்றா?" என்று ஒரு வரி. பொங்கலுக்கு நவம்பரிலேயே எண்ண வேண்டியிருப்பதால், அந்த ஒரு குறிப்பு மட்டும் பழைய டைரியில் இருக்கும்.

கிளார்க் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. சென்னை மாகாணத்துக் கலெக்டர் ஆபீஸ்களில் டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் வழங்கிய முறையே இதுதான். வந்த தபாலை எல்லாம் ஒவ்வொரு கிளார்க்கும் தம் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதில் வராத கடிதத்துக்கு எந்தத் தேதியில் மறுபடி எழுத வேண்டும் என்பதை நினைவூட்டு டைரியில் அந்தத் தேதிக்கு நேரே குறிக்க வேண்டும். அன்று காலை டைரியைத் திறந்தால் வேலை தானே வந்து நிற்கும். ஆபீசில் இதை ஒழுங்காகச் செய்கிற நம் நண்பர்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்த பிறகு ஓடுவது ஏன் என்பது விளங்கவில்லை.

பிள்ளையும் காந்தியும்

நாள்தோறும் எழுதுவதில் தமிழனுக்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னைப் பெரம்பூரில் 1709-ல் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை டைரி எழுதினார். பிழைப்புக்காக இன்னொரு ஊருக்குப் போய், அன்னிய முதலாளியிடம் வேலை பார்த்தவர்தான் அவரும். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, துரை சொன்னது, தெருவில் பேசிக்கொண்டது எல்லாம் அதில் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் சென்னையைப் பிடித்த கதையைத் தமிழன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அந்த டைரியைத்தான் புரட்ட வேண்டும். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து, 1846-ல்தான் அது வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது.

லண்டனில் சட்டம் படித்தபோது காந்தியடிகள் பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை என்று காசு காசாக எழுதி, இரவு படுக்குமுன் மீதியைச் சரிபார்த்தார். பின்னாளில் பொதுப் பணம் பெருந்தொகையாகக் கைக்கு வந்தபோதும் அந்தப் பழக்கம் உதவியது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் செல்போனில் காட்டிக் காட்டிப் பணம் கொடுக்கும் இந்தக் காலத்தில், டீக்கும் வடாபாவுக்கும் மாதம் எவ்வளவு போகிறது என்று ஒரு மாதமாவது பேனாவால் எழுதிக் கூட்டிப் பாருங்கள். போனில் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. அதைக் கூட்டிப் பார்ப்பவர் யார்?

என்ன நோட்டு வாங்குவது?

முன்பு பேங்கில் டைரி கொடுப்பார்கள். 2020 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம், அரசு அலுவலகங்களும் பொதுத்துறை பேங்குகளும் டைரி, காலண்டர் அச்சிட வேண்டாம் என்று உத்தரவு போட்டது. அதனால் இலவச டைரிக்குக் காத்திராமல் சொந்தக் காசில் வாங்குவதே நல்லது. கிராபர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரகுமான் தெருவில் மொத்தக் கடைகள் இருக்கின்றன. ராகுகாலம், எமகண்டம், அமாவாசை வேண்டும் என்பவர்கள் ஊரிலிருந்து சிவகாசி டைரி கொண்டு வரச் சொல்லலாம். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிடும்.

என் அபிப்பிராயத்தில் இரண்டு நோட்டு போதும். சட்டைப் பைக்கு ஒன்று. வீட்டில் ஒரு குயர் நோட்டு ஒன்று. மூன்றாவது வாங்கினால் மூன்றிலும் எழுத மாட்டீர்கள். பை நோட்டில் அன்றன்று கிறுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அதில் வேண்டியதை மட்டும் வீட்டு நோட்டில் ஏற்ற வேண்டும். பக்கங்களுக்கு நம்பர் போட்டு, முதல் பக்கத்தில் எது எங்கே என்று எழுதிவிட்டால் தேடும் வேலை இல்லை. மும்பை மழையை மனதில் வைத்து, ஜெல் பேனாவைத் தவிர்த்து, சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவாலோ பென்சிலாலோ எழுதுங்கள். ஜெல் மை நனைந்தால் கரைந்து ஓடும். நோட்டுக்குப் பிளாஸ்டிக் அட்டை அவசியம்.

வீட்டு நோட்டின் நடுவே ஒரு பக்கம் குடும்பத்துக்காக. எந்தப் பேங்கில் கணக்கு, பாலிசி நம்பர், பி.எப். கணக்குக்கு 2014 முதல் வழங்கும் யு.ஏ.என். எண், வாரிசாக யார் பெயரைக் கொடுத்தோம் என்ற விவரங்கள். ஏ.டி.எம். ரகசிய எண்ணை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் எழுதக்கூடாது. பத்து ஆண்டுகள் கேட்பாரில்லாமல் கிடக்கும் பேங்குப் பணம் ரிசர்வ் பேங்கின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. வாரிசுகள் பிறகும் கேட்டு வாங்கலாம் என்றாலும், எந்தப் பேங்கில் போட்டார் என்று தெரிந்தால்தானே கேட்பது? இப்படிக் கிடக்கும் பணத்தைத் தேடுவதற்கென்றே 2023-ல் ரிசர்வ் பேங்க் "உத்கம்" என்ற இணையதளத்தைத் தொடங்க வேண்டி வந்தது.

அந்தப் பக்கம் ஒன்றை மட்டும், எழுதி முடித்த அன்றே வீட்டம்மாவிடம் படித்துக் காட்டிவிடுங்கள். வீட்டம்மா ஊரில் இருந்தால், அடுத்த முறை போகும்போது அதே பக்கத்தை இன்னொரு தாளில் எழுதிக் கொண்டுபோய், அரிசிப் பானைக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் வைக்கச் சொல்லலாம். எலி கடிக்காமல் ஒரு டப்பாவுக்குள்.