பையும் பாதுகாப்பும்

'பை' என்பது தமிழில் வழங்கும் ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்று. பொருள்களை இட்டுவைக்கும் கொள்கலத்தை அது குறிக்கும். இளமையையும் பசுமையையும் குறிக்கும். பாம்பு விரிக்கும் படத்தையும் குறிக்கும். தோளில் தொங்கும் எளிய பைக்கும் சீறி நிற்கும் பாம்பின் படத்திற்கும் ஒரே பெயர் அமைந்தது மொழியின் இயல்பால் நேர்ந்ததே. ஆயினும் கடந்த அரை நூற்றாண்டில் உலகின் பேரரங்குகளில் நிகழ்ந்தவற்றை நோக்குவார்க்கு, அவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிட்டனவோ என்று தோன்றும்.

'மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை' என்பது நம் முன்னோர் வாக்கு. இன்றோ மடியில் கனமில்லாதவரும் அரங்கின் வாயிலில் வரிசையில் நின்று, தம் பையைத் திறந்து காட்டியே உள்ளே செல்ல வேண்டியுள்ளது. சில அரங்குகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பைக்கு இடமில்லை. சிலவற்றில் உள்ளிருப்பது வெளியே தெரியும் பைக்கு மட்டுமே இடமுண்டு. இக்கட்டுப்பாடுகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, அவற்றால் விளையும் நன்மை யாது, இடர் யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐயம் பிறந்த வரலாறு

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் விடியற்காலையில், மியூனிக் நகரில் ஒலிம்பிக் வீரர்கள் தங்கியிருந்த குடியிருப்பினுள் ஆயுதந்தாங்கிய எண்மர் வேலியேறி நுழைந்தனர். அவர்கள் விளையாட்டு வீரரைப் போல் உடுத்திருந்தனர். ஆயுதங்களை விளையாட்டுப் பைகளில் மறைத்து எடுத்துச் சென்றனர். இஸ்ரேல் நாட்டுக் குழுவினர் பதினொருவர் அந்நிகழ்வில் உயிரிழந்தனர். விளையாட்டு நடைபெறும் இடத்தில் விளையாட்டுப் பையை யாரும் ஐயுறார் என்பதே கொலைஞர்க்குத் துணையாயிற்று.

1996ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் விழாவையொட்டிப் பூங்கா ஒன்றில் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. அங்கே இருக்கையின் அடியில் கேட்பாரற்றுக் கிடந்த முதுகுப்பை ஒன்றை ரிச்சர்ட் ஜுவல் என்னும் காவற்பணியாளர் கண்டு காவல்துறைக்கு அறிவித்தார். மக்களை விலக்கும் பணி தொடங்கிய சிறிது நேரத்தில் பையிலிருந்த குண்டு வெடித்தது. பெண்ணொருவர் உயிரிழந்தார், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அவர் அப்பையைக் காணாது போயிருப்பின் இழப்பு மிகப் பெரிதாக இருந்திருக்கும்.

நம் நாட்டிற்கும் இத்தகைய அச்சம் புதிதன்று. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் பெங்களூரு சின்னசாமி அரங்கில் கிரிக்கெட் ஆட்டம் தொடங்குமுன் சுற்றுச்சுவரை ஒட்டிக் குண்டுகள் வெடித்துப் பலர் காயமுற்றனர். அவ்வூரில் நடைபெறவிருந்த அரையிறுதி ஆட்டங்கள் நவி மும்பைக்கு மாற்றப்பட்டன.

பைக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது 2013ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பாஸ்டன் நகரின் நெடுந்தூர ஓட்டப் போட்டியில், எல்லைக்கோட்டின் அருகே பார்வையாளர் கூட்டத்திடையே முதுகுப்பைகளில் கொண்டுவந்து வைக்கப்பட்ட இரு குண்டுகள் வெடித்தன. மூவர் உயிரிழந்தனர்; இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். குண்டு செய்யப் பயன்பட்ட கலம், வீடுதோறும் அடுப்பில் ஏறும் பிரஷர் குக்கர்.

உள்ளிருப்பது தெரியும் பை

பாஸ்டன் நிகழ்வுக்கு இரு திங்கள் கழித்து, அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை நடத்தும் என்.எப்.எல். கூட்டமைப்பு புதிய விதி ஒன்றை அறிவித்தது. பார்வையாளர் கொண்டுவரும் பை, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருத்தல் வேண்டும். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 6 அங்குலக் கனம் என்னும் அளவைத் தாண்டலாகாது. இதனோடு உள்ளங்கை அளவான சிறு கைப்பை ஒன்றும் வைத்துக்கொள்ளலாம்; அதன் அளவு நாலரை அங்குலத்திற்கு ஆறரை அங்குலம். அச்சிறு பை மட்டும் உள்ளே தெரியாததாக இருக்கலாம். முதுகுப்பை, பெரிய கைப்பை, ஒளிப்படக் கருவிப் பை முதலியன விலக்கப்பட்டன. மருத்துவத்திற்கு இன்றியமையாத பொருள்கள் தனியே சோதிக்கப்பட்டு அனுமதிக்கப்படும். பின்னர் அந்நாட்டின் பல்கலைக்கழக அரங்குகளும் இசையரங்குகளும் இம்முறையைப் பின்பற்றலாயின.

பை ஏன் உள்ளே தெரிய வேண்டும்? ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். ஓர் அரங்கிற்குப் பதினாயிரம் பைகள் வருகின்றன என்று கொள்வோம். வழக்கமான பையில் அறைகள் பல, உட்துணி வேறு. ஒவ்வொன்றையும் திறந்து, கைவிட்டுப் பார்த்து முடிக்க அரை நிமிடம் ஆகுமென்றால், இருபது மேசைகளில் ஒரே நேரத்தில் சோதித்தாலும் நான்கு மணி நேரத்திற்கு மேலாகும். உள்ளே தெரியும் பையைக் கண்ணால் நோக்க ஐந்து நொடி போதுமென்றால் அதே வேலை முக்கால் மணிக்குள் முடியும். சோதிப்பவர் விரைந்து முடிக்கும் கட்டாயத்தால் கவனம் இழப்பதும் குறையும்.

அளவுக் கட்டுப்பாட்டின் காரணமும் இத்தகையதே. சிறு பையில் பெருங்கேடு விளைவிக்கும் பொருளை மறைத்தல் அரிது. அன்றியும், இருக்கைகளின் இடையே கிடக்கும் பெரிய பைகள், நெருக்கடி நேரத்தில் மக்கள் வெளியேறும்போது காலை இடறும்.

எல்லா இடத்திற்கும் ஒரே அளவு பொருந்துவதன்று. பிரிட்டனின் இசையரங்குகள் பலவற்றில் ஏ4 தாள் அளவே பைக்கு எல்லையாக உள்ளது. பார்வையாளர் நாள் முழுதும் தங்கும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியிலோ, ஆளுக்கொரு பை 40 செ.மீ., 30 செ.மீ., 30 செ.மீ. என்னும் அளவு வரை அனுமதிக்கப்படுகிறது. இரண்டு மணி நேர இசை நிகழ்ச்சிக்கு வருபவரின் தேவை வேறு. வெயிலிலும் மழையிலும் பகல் முழுதும் அமர்ந்திருப்பவரின் தேவை வேறு. தேவையறிந்து விதி வகுத்தலே அறிவுடைமை.

வாயிலே இடராதல்

வாயிலில் இடும் தடை, தீமையை உள்ளே விடாது காக்கிறது. ஆனால் தீமை வாயிலுக்கு வெளியே நிற்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. 2015ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் பாரிஸ் நகரை அடுத்த ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் பிரான்ஸ் - ஜெர்மனி கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மூவர் அரங்கின் வெளிப்புறத்தில் தம்மேல் கட்டியிருந்த குண்டுகளை வெடித்தனர். உள்ளே பல்லாயிரவர் தப்பினர். வெளியே இருந்த ஒருவர் உயிரிழந்தார்.

அதே அரங்கில் 2022ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் வேறொரு படிப்பினை கிடைத்தது. ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டத்திற்கு வந்த லிவர்பூல் அணியின் ஆதரவாளர் பல்லாயிரவர், சோதனைக்காகக் குறுகிய வழியில் நிறுத்தப்பட்டு நெருக்குண்டனர். கண்ணீர்ப்புகையும் வீசப்பட்டது. ஆட்டம் அரை மணிக்கு மேல் தாமதமாகத் தொடங்கியது. அன்று உயிரிழப்பு நேராதது நற்பேறே. காப்பதற்காக வைத்த சோதனையே, போதிய வழியும் ஆளும் இல்லாதபோது கேடாய் முடியும் என்பதற்கு இது சான்று.

முகமா, பையா?

இனி, இப்பொருளில் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய பகுதிக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இரவு, மான்செஸ்டர் நகரின் உள்ளரங்கில் இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தனர். அரங்கை ஒட்டிய முன்கூடத்தில் பெரிய முதுகுப்பையுடன் காத்திருந்த இளைஞன் ஒருவன் அதிலிருந்த குண்டை வெடித்தான். இருபத்திருவர் மாண்டனர், எட்டு வயதுச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி.

பின்னர் நடந்த பொது விசாரணையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. குண்டு வெடிப்பதற்குச் சற்றேறக்குறையக் கால் மணி நேரம் முன்பே, பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த பெரியவர் ஒருவர் அப்பெரிய பையைக் கண்டு ஐயுற்று, அங்கிருந்த பணியாளரிடம் கூறியிருக்கிறார். செய்தி உரியவரைச் சென்று சேரவில்லை. காவற்பணியாளர் ஒருவர், அவ்விளைஞனை நெருங்கினால் தாம் இனவேறுபாடு பார்ப்பவர் எனப் பழிக்கப்படுவோமோ என்று அஞ்சியதாகக் கூறினார். உரிய நேரத்தில் தடுக்கும் வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்று 2021ஆம் ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை உரைத்தது.

கொலை செய்தவன் லிபிய வழிவந்த முஸ்லிம் குடும்பத்து இளைஞன். அதே நகரில் காயமுற்றோர்க்கு நெடுநேரம் அறுவை மருத்துவம் செய்தவர்களுள் பாகிஸ்தானிய வழிவந்த மருத்துவர் ஒருவரும் இருந்தார். சில நாளில், அவர்களைக் கவனிக்க மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், நிறத்தைச் சுட்டி அவரைப் 'பயங்கரவாதி' என ஒருவன் இழித்துரைத்தான். முகத்தைப் பார்த்து மனிதரை அளப்பவனுக்கு, உயிர் பறித்தவனும் உயிர் காத்தவரும் ஒன்றாகவே தெரிகின்றனர்.

அட்லாண்டாவில் பையைக் கண்டு உயிர்களைக் காத்த ரிச்சர்ட் ஜுவலுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. மூன்றே நாளில் அவரே குற்றவாளியாக இருக்கக்கூடும் என்று செய்தித்தாள்கள் எழுதின. அவருடைய தோற்றமும் வாழ்க்கையும் குற்றவாளிக்குரியன என்று ஊர் பேசியது. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்தே அவர்மீது ஐயமில்லை என அரசு அறிவித்தது. உண்மைக் குற்றவாளி 2005ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துவது ஒன்றே. ஐயம் மனிதர்மேல் விழின், குற்றமற்றவர் வருந்துவர்; பழிக்கு அஞ்சிய காவலரோ கடமையில் தயங்குவர். ஐயம் பைமேல் விழின் இவ்விரண்டும் நேரா. 'இவ்வளவுக்கு மேற்பட்ட பையுடன் யார் வரினும் நிறுத்துக' என்று விதி இருக்குமாயின், காவலர் எவர் முகத்தையும் எடைபோட வேண்டுவதில்லை. செல்வரின் பையும் ஏழையின் பையும், தாடி வைத்தவரின் பையும் வைக்காதவரின் பையும் ஒரே மேசைமேல் திறக்கப்படும். யாவர்க்கும் பொதுவான சோதனையில் இழிவு இல்லை. சிலர்க்கு மட்டும் உரிய சோதனையிலேயே இழிவு உண்டு. பைக் கட்டுப்பாட்டின் பெரும்பயன் இதுவே எனலாம்.

எளியோர் படும் இடர்

எனினும் பொதுவிதி எல்லோரையும் ஒரே வகையில் வருத்துவதில்லை. சட்டைப்பையில் பணப்பையும் கைப்பேசியும் மட்டும் கொண்டுவரும் ஆடவருக்கு இவ்விதி ஒரு பொருட்டன்று. கைக்குழந்தையுடன் வரும் தாய்க்குப் பாலும் மாற்றுத்துணியும் வேண்டும். நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் ஊசி வேண்டும். பெண்கள் மாதந்தோறும் பயன்படுத்தும் பொருள்களைப் பலர் காணும் பையில் எடுத்துச் செல்வது அவர்தம் நாணத்திற்கு ஊறு. உள்ளங்கை அளவான மறைப்புள்ள சிறு பை அனுமதிக்கப்படுவதன் அருமை இங்கே விளங்கும். வெளியூரிலிருந்து நேரே வருபவர் தம் பெட்டியை எங்கே வைப்பார்? காப்பிடம் ஒன்றும் அமைக்காமல் 'பை கூடாது' என்பது, 'நீ வாராதே' என்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே விதி வகுப்போர் சிலவற்றைச் செய்தல் வேண்டும். நுழைவுச்சீட்டு விற்கும்போதே பையின் அளவை அறிவித்தல் வேண்டும். நோயாளிகளுக்கும் குழந்தையுடன் வருவோர்க்கும் தனி வாயில் வேண்டும். பெண்களின் பையைப் பெண் பணியாளரே சோதித்தல் வேண்டும். பைகளை ஒப்படைத்துத் திரும்பப் பெறும் இடம் வேண்டும். வெளியே தண்ணீர்ப் புட்டியைப் பறித்தவர் உள்ளே குடிநீர் தருதல் வேண்டும். இன்றேல், பாதுகாப்பின் பெயரால் வணிகம் நடக்கிறதென்று மக்கள் கருதுவர். பின்னர் உண்மையான எச்சரிக்கையையும் மதியார்.

ஒரு தாயின் முயற்சி

மான்செஸ்டரில் மாண்டவருள் மார்ட்டின் ஹெட் என்னும் இளைஞரும் ஒருவர். அவர் அன்னை பிகன் மரே, மகனை இழந்த துயரோடு நின்றுவிடவில்லை. மக்கள் கூடும் இடங்கள் பாதுகாப்பு ஏற்பாடு செய்தலைச் சட்டக் கடமையாக்க வேண்டுமென்று பல ஆண்டுகள் முயன்றார். அதன் பயனாக 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிரிட்டனில் சட்டம் ஒன்று நிறைவேறியது. 'மார்ட்டின் சட்டம்' என்றே மக்கள் அதனை அழைக்கின்றனர். இருநூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் இடங்கள், தாக்குதல் நேரின் செய்ய வேண்டுவனவற்றை முன்னரே வகுத்து வைத்தல் வேண்டும். எண்ணூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் இடங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. ஆயத்தம் செய்துகொள்ள இரண்டாண்டுகளேனும் இடைவெளி தரப்பட்டுள்ளது.

முடிவுரை

பைக் கட்டுப்பாடு மட்டுமே அரங்கைக் காத்துவிடாது. மான்செஸ்டரில் பையைக் கண்டவர் இருந்தார், கேட்டவர் செயற்படவில்லை. அட்லாண்டாவில் கண்டவரும் கேட்டவரும் செயற்பட்டனர், உயிர்கள் பிழைத்தன. விதியோடு விழிப்பும், விழிப்போடு நேர்மையும் சேர்தல் வேண்டும்.

கல்லூரி விழாவிலோ விளையாட்டுப் போட்டியிலோ நாளை நம் மாணவர்கள் வாயிற்காவலராக நிற்க நேரிடலாம். அன்று அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டியது எளிது. பையை நன்றாகப் பாருங்கள். யார் பையாயினும் பாருங்கள். பார்த்து முடித்தபின், அதனைக் கொண்டுவந்தவரை விருந்தினராகவே உள்ளே அனுப்புங்கள்.