ஹேவாஹெட்டச் சரிவுகளில் செலவில்லாத மூடாக்கு

ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கண்டி மலைகளில் கோப்பிக்காகப் பெருங்காடுகள் அழிக்கப்பட்டிருந்தன. களை ஒன்றும் தலைகாட்டாதபடி நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்துக்கு இலக்கணம் என்று அக்காலத் துரைமார் கருதியதால், வெறுமையாய்க் கிடந்த மேல்மண்ணை மழை ஆண்டுதோறும் அரித்துச் சென்றது. இழப்பு உணரப்பட்ட பின்னரே, கவ்வாத்தில் கழியும் கிளைகளையும் நிழல்மரத் தழைகளையும் மலையிலேயே பரப்பிவிடும் முறை தேயிலைச் செய்கையில் இடம்பெற்றது. இம்முறை வீட்டுத்தோட்டத்துக்கும் பொருந்தும்.

மண்ணின் மேற்பரப்பைச் சருகு, மரச்சிராய், பட்டை போன்றவற்றால் மூடுவதே மூடாக்கு. இலங்கைப் பாடநூல்கள் இதனைப் பத்திரக்கலவை என்கின்றன. இது மழைத்துளியின் அடியைத் தாங்கி, ஈரம் ஆவியாவதைக் குறைத்து, ஒளியை மறைத்துக் களை முளைப்பதைத் தடுக்கிறது. மலையகத்தில் சவுக்கு எனப்படும் கிரவிலியாவின் சருகு, மேலே பச்சையும் அடியில் வெள்ளிநிறமுமாக, பன்னத்தைப் போலப் பிளவுபட்டு, தடித்திருப்பதால் மெல்லவே மக்குகிறது. பைனஸ் ஊசியிலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் சரிவிலும் எளிதில் நகர்வதில்லை. ஆயினும் உலர்ந்தால் விரைவில் தீப்பற்றுவதால் அடுப்புக்கும் வீட்டுச் சுவருக்கும் அருகில் அவற்றை இடலாகாது. டேர்பன்டைன் எனப்படும் யூக்கலிப்டஸின் புதிய இலையிலுள்ள எண்ணெய் இளநாற்றுகளைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதைச் சில மாதங்கள் குவித்து வைத்து, மழையில் நனையவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

பைனஸ் ஊசியிலை மண்ணைப் புளிப்பாக்கிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. மேற்பரப்பில் இட்ட ஊசியிலை மண்ணின் அமிலத்தன்மையை மிகச் சிறிதளவே மாற்றுகிறது. மலையக மண் புளித்திருப்பதற்கு முதன்மைக் காரணம், பெருமழை சுண்ணச்சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்வதே ஆகும். கவனிக்க வேண்டியது நைதரசன் பற்றாக்குறையே. கூட்டெருக் குவியலில் ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் இருப்பது பொருத்தமெனில், மரத்தூளில் அது சில நூறு பங்காக இருப்பதால், அதை மண்ணோடு கொத்திக் கலக்கும்போது, மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளிக்கிறது. மேலே பரப்பும்போது இவ்விழப்பு மண்ணின் மேற்தோலோடு நின்றுவிடுகிறது.

ஆகவே மழை பெய்து மண் நனைந்தபின், களை நீக்கி, 5 முதல் 8 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, தண்டு அழுகாதிருக்க அடியில் நான்கு விரல் இடைவெளி விடவேண்டும். கரட், பீற்றூட் போன்று விதை தூவும் பாத்திகளில் நாற்று எழும்பிய பின்னரே மூடாக்கு இடலாம். வனத் திணைக்களத்துக்கோ தோட்டத்துக்கோ உரிய காணியிலிருந்து சருகு எடுக்க அனுமதி வேண்டும் என்றாலும், சொந்த வேலியில் வெட்டிய கிளையையும் முற்றத்தில் கூட்டிய சருகையும் எரிக்காமல் பாத்திக்குக் கொண்டுசேர்க்க எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. மூடாக்கு பசளைக்கு ஈடாகாது. இட்ட பசளை மழையோடு ஓடிவிடாமல் காப்பதே அதன் பணி.