கொலையாளி யாருன்னு தெரிஞ்சும் ஏன் பார்க்கணும்? டிவியில் பழைய துப்பறியும் படங்கள்

துப்பறியும் கதைன்னாலே நம்ம செட்டுக்கு ஞாபகம் வர்றது ஓடிடியில் வர்ற எட்டு எபிசோட் சீரிஸ்தான். ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பிச்சு, 1.5 வேகத்துல ஓட்டி, விடியறதுக்குள்ள கொலையாளியைத் தெரிஞ்சுக்கிட்டுத் தூங்கிடுவோம். மறுநாள் லேப்ல யாராவது அந்த சீரிஸ் பேரை எடுத்தா, "டேய், ஸ்பாய்லர் சொல்லாத!"ன்னு ஒரு கத்தல்.

அதே வீட்டு ஹால்ல அம்மாவும் அம்மாயியும் பத்தாவது தடவையா 'புதிய பறவை' பார்த்துட்டு இருப்பாங்க. முடிவு அவங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் விளம்பரம் வர்றப்பகூட ரிமோட்டைத் தர மாட்டாங்க. முடிவு தெரிஞ்ச மர்மப் படத்துல அப்படி என்னதான் இருக்கு? இந்தக் கட்டுரை அதைப் பத்திதான். ஒரு உறுதிமொழி: எந்தப் படத்தோட கொலையாளி பேரையும் இங்க சொல்ல மாட்டேன்.

மர்மம் வேற, சஸ்பென்ஸ் வேற

நாம எல்லாத்தையும் 'சஸ்பென்ஸ் படம்'னு ஒரே பேர்ல கூப்பிடுறோம். உண்மையில ரெண்டு வகை இருக்கு. இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த பேட்டியில இதுக்கு ஒரு உதாரணம் சொல்லியிருக்கார். ரெண்டு பேர் மேஜைல உட்கார்ந்து சாதாரணமா பேசிட்டு இருக்காங்க. திடீர்னு மேஜைக்கு அடியில குண்டு வெடிக்குது. நமக்குக் கிடைக்கறது சில வினாடி அதிர்ச்சி. அதே காட்சியில, குண்டு இருக்கறதை நமக்கு மட்டும் முன்னாடியே காட்டிட்டா? அவங்க பேசற வெட்டிப் பேச்சு ஒவ்வொண்ணும் நம்மள பதற வைக்கும். "எழுந்து போங்கப்பா"ன்னு நாம டிவியைப் பார்த்துக் கத்துவோம். இதுதான் சஸ்பென்ஸ். மர்மத்துல நமக்கு விஷயம் தெரியாது. சஸ்பென்ஸ்ல நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது.

தமிழ்ல இந்த ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சு காட்டியிருக்கார். வீணை வித்வான்னு பலருக்கும் தெரிஞ்ச எஸ். பாலச்சந்தர். 1954இல் அவர் இயக்கிய 'அந்த நாள்' மர்மம்: செத்தது யாருன்னு முதல் காட்சியிலேயே தெரியும், கொன்னது யாருன்னு தெரியாது. 1964இல் அவர் எடுத்த 'பொம்மை' சஸ்பென்ஸ்: ஒரு பொம்மைக்குள்ள குண்டு இருக்கு, அது நமக்குத் தெரியும். ஆனா அந்த பொம்மை கை மாறி கை மாறி ஊரைச் சுத்துது. பொம்மையை வாங்கிக் கொஞ்சறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

முடிவு தெரிஞ்சவங்க ஏன் திரும்பப் பார்க்கறாங்கங்கற கேள்விக்கு இதுலயே பாதி பதில் இருக்கு. முதல் தடவை மர்மமா பார்த்த படம், ரெண்டாவது தடவை சஸ்பென்ஸா மாறிடுது. குண்டு எங்க இருக்குன்னு இப்ப அம்மாயிக்குத் தெரியும். அதனால அவங்க பார்க்கறதும் முதல் தடவை பார்க்கற நாம பார்க்கறதும் ஒரே படம் இல்லை.

நம்ம சேலத்துச் சரக்கு

ஆத்தூர்ல இருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, சேலத்துல ஏற்காடு போற ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு இன்னும் நிக்குது. பஸ்ல போறப்ப பார்த்திருப்பீங்க. டி. ஆர். சுந்தரம் 1930கள்ல தொடங்கிய ஸ்டுடியோ அது. நூறு படத்துக்கு மேல எடுத்தாங்க. 'மந்திரி குமாரி', முதல் முழுநீள வண்ணத் தமிழ்ப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் அங்க வந்ததுதான். இது நிறைய பேருக்குத் தெரியும். துப்பறியும் படங்களுக்கும் அது ஒரு பெரிய பட்டறையா இருந்ததை நம்ம வயசுல யாரும் பேசறதில்லை.

1950இல் வந்த 'திகம்பர சாமியார்' அங்க எடுத்ததுதான். வடுவூர் துரைசாமி ஐயங்காரோட நாவலை வச்சு எடுத்தது. துப்பறியறவர் யாரு தெரியுமா? எம். என். நம்பியார்! பிற்காலத்துல எம்.ஜி.ஆர் படங்கள்ல கையைப் பிசைஞ்சுக்கிட்டு சதி செஞ்ச அதே நம்பியார், இதுல வேஷம் மேல வேஷம் போட்டுக் குற்றவாளிகளைத் தேடிப் போற நாயகன்.

அடுத்து 1960கள்ல ஜெய்சங்கர் காலம். 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) ரெண்டும் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள். ஜேம்ஸ் பாண்ட் பாணி. ரகசிய அறை, வில்லனோட கூடாரம், துப்பாக்கி, கார் துரத்தல். இதுல துப்பு கண்டுபிடிக்கற வேலை நமக்கு ரொம்பக் குறைவு, சாகசம்தான் அதிகம். செட்டு செட்டுன்னு தெரியும், சண்டைக்காட்சியைப் பார்த்தா சில இடத்துல சிரிப்பும் வரும். ஆனா கிராபிக்ஸ் இல்லாத காலத்துல, சென்னைக்கு வெளியே ஒரு ஸ்டுடியோ இதையெல்லாம் தைரியமா செஞ்சிருக்கு. அந்தச் சிரிப்போட அதையும் சேர்த்துப் பாருங்க.

ஒரு இன்ஜினியர் செத்துப் போறார்

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்குன்னா 'அந்த நாள்' பாருங்க. ஏவிஎம் தயாரிப்பு. எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறிய வர்ற சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமா நடிச்சதும் அவரே. இயக்கிய பாலச்சந்தருக்கு அப்போ வயசு 27.

கதை 1943 அக்டோபர்ல, சென்னை மேல ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்துல நடக்குது. முதல் நிமிஷத்துலயே ஒரு துப்பாக்கிச் சத்தம், கதாநாயகன் சிவாஜி கணேசன் செத்து விழறார். அவர் பேரு ராஜன், ரேடியோ இன்ஜினியர். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, பழகிய பெண், கட்டிய மனைவின்னு ஆளாளுக்கு அவரைப் பத்தி ஒரு கதை சொல்றாங்க. அந்தக் கதைகள் வழியாத்தான் செத்தவரை நாம தெரிஞ்சுக்கறோம். ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் மேல கையைக் காட்டுறாங்க.

படத்துல ஒரு பாட்டுகூட கிடையாது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் அது. தேசிய விருதுல தகுதிச் சான்றிதழ் கிடைச்சது, ஆனா தியேட்டர்ல ஓடலை. பாட்டுக்கும் சிவாஜியோட வீர வசனத்துக்கும் டிக்கெட் எடுத்தவங்களுக்கு, முதல் காட்சியிலேயே ஹீரோ செத்தா எப்படி இருந்திருக்கும்? பிற்காலத்துல டிவியில திரும்பத் திரும்பப் போட்டதாலதான் நிறைய வீடுகளுக்கு இந்தப் படம் வந்து சேர்ந்தது. காசு கொடுத்து எதிர்பார்ப்போட போற இடத்துல தோத்த படம், சும்மா சேனல் மாத்தறப்ப கண்ணுல பட்டு ஜெயிச்சிருக்கு.

நமக்கு இதுல இன்னொரு காரணமும் இருக்கு. ராஜன் ஒரு திறமையான இன்ஜினியர். தன் கண்டுபிடிப்புக்கு மதிப்புக் கிடைக்கலைங்கற கோபம் அவனை எங்க கொண்டு போகுதுங்கறதுதான் கதையோட மையம். ப்ளேஸ்மென்ட் சீசன்ல பார்த்தா கொஞ்சம் சுருக்குன்னு குத்தும்.

படம் நேர்மையா ஆடுதா?

துப்பறியும் கதைக்கு விளையாட்டு மாதிரி விதிகள் உண்டு. 1929இல் ரொனால்ட் நாக்ஸ்ங்கற ஆங்கில எழுத்தாளர் பத்து விதிகளைப் பட்டியல் போட்டார். அதுல ரெண்டு ரொம்ப முக்கியம். குற்றவாளி கதையோட ஆரம்பத்துலயே வந்திருக்கணும். கடைசி ரீல்ல புதுசா ஒரு ஆளைக் கொண்டு வந்து 'இவன்தான்'னு சொல்லக் கூடாது. துப்பறியறவர் கண்ணுல படற துப்பு நம்ம கண்ணுலயும் படணும்.

இந்த ரெண்டையும் வச்சு எந்தப் படத்தையும் சோதிச்சுப் பார்க்கலாம். 'புதிய பறவை' (1964) எடுத்துக்குங்க. நாயகன் கோபால் பணக்காரர், நல்லவர், பாட்டும் காதலுமா இருக்கார். ஆனா ரயிலைப் பார்த்தா மட்டும் அவர் முகம் மாறிடும். முதல் தடவை பார்க்கறப்ப, 'ஏதோ பழைய சோகம் போல'ன்னு நாமளே ஒரு காரணம் சொல்லிட்டுக் கடந்து போயிடுவோம். படம் நம்மகிட்ட எதையும் மறைக்கலை. கண் முன்னாடி வச்சும் நாம பார்க்கலை. முடிவு தெரிஞ்சு ரெண்டாவது தடவை பார்த்தா, சிவாஜியோட நடிப்புல எத்தனை இடத்துல உண்மை வெளிய எட்டிப் பார்க்குதுன்னு தெரியும். ஸ்பாய்லர் தெரிஞ்சாலும் கெடாத படம்னா அது இப்படித்தான் இருக்கும். ட்விஸ்ட் ஒண்ணை மட்டும் நம்பி எடுத்த படம் ஒரு தடவையோட முடிஞ்சிடும்.

நாம யாரைச் சந்தேகப்படுறோம்?

ஓடிடியில தனியா ஹெட்போன் போட்டுப் பார்க்கறதுக்கும் ஹால்ல டிவியில பார்க்கறதுக்கும் பெரிய வித்தியாசம் விளம்பர இடைவேளைதான். எல்லாரும் திட்டற அந்த ஐந்து நிமிஷத்துலதான் வீடே போலீஸ் ஸ்டேஷனா மாறுது. "தம்பிதான் கொன்னிருப்பான்." "இல்லடா, அந்தச் சமையல்காரன் முழியே சரியில்ல." "அவன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியலையா?"

கடைசி வசனத்தைக் கவனிங்க. அசோகனோ நம்பியாரோ திரையில வந்தாலே 'இவன்தான்'னு முடிவு பண்ணிடுவோம். இயக்குநருக்கும் அது தெரியும். அந்த முகத்தை முன்னாடி நிறுத்திட்டுப் பின்னாடி வேற வேலை பார்ப்பார். வேலைக்காரர், வாட்ச்மேன், புத்தி சரியில்லாதவர்னு காட்டற ஆள் இவங்களைத்தான் பழைய படங்கள் அடிக்கடி நம்ம சந்தேகத்துக்கு இரையா போடும். நாமளும் கவ்விக்குவோம். படிச்ச, நல்லா உடுத்தின, இனிமையா பேசற ஆளை லேசுல விட்டுடுவோம்.

இது படத்தோட முடிஞ்சா பரவாயில்ல. எந்த ஹாஸ்டல்லயாவது ஒரு போன் காணாமப் போனா முதல்ல யார் பெட்டியைத் திறக்கறாங்க? மெஸ்ல வேலை செய்யற பையனோட பெட்டியை. ஏன்? ஆதாரம் எதுவும் கிடையாது, 'அவனாத்தான் இருக்கும்'. கோட்ல எர்ரர் வந்தா, நமக்குப் பிடிக்காத டீம்மேட் எழுதின பகுதியை முதல்ல குடையறதும் இதே பழக்கம்தான்.

அதனால அடுத்த தடவை இடைவேளையில ஒரு பேரைச் சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்த ஆளுக்கு அதைச் செய்ய வாய்ப்பு இருந்ததா? செய்ய ஒரு காரணம் இருந்ததா? இதுவரைக்கும் படம் காட்டியதுல எந்தக் காட்சி இவருக்கு எதிரா இருக்கு? மூணாவது கேள்விக்குப் பதில் இல்லைன்னா, நம்மகிட்ட இருக்கறது துப்பு இல்லை, வெறும் வெறுப்பு.

டிவி செட்டிங்ல ஒரு துப்பு

கொஞ்சம் டெக்னிக்கல். அந்தக் காலப் படங்கள்ல பெரும்பாலானவை கிட்டத்தட்ட 4:3 அளவுல எடுத்தவை. நம்ம டிவி 16:9. திரையை முழுசா நிரப்பறதுக்கு இழுத்துப் போட்டா, எல்லார் முகமும் மூணுல ஒரு பங்கு அகலமாயிடும். சிவாஜி குண்டாத் தெரியறதுக்கு அவர் காரணம் இல்லை. இழுக்காம 'ஜூம்' பண்ணினா மேலயும் கீழயும் சேர்த்து நாலுல ஒரு பங்கு படம் வெட்டுப்பட்டுப் போகும். துப்பறியும் படத்துல மேஜை மேல கிடக்கற ஒரு கடிதம் அந்தப் பங்குலதான் இருக்கும்! ரிமோட்ல படத்தோட அளவை 4:3க்கு மாத்துங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தா வந்துட்டுப் போகட்டும்.

'விவிட்' மோடையும் அணைச்சிடுங்க. 'அந்த நாள்' மாதிரி கறுப்பு வெள்ளைப் படத்துல நிழலும் ஒரு பாத்திரம். அந்த மோட்ல நிழலுக்குள்ள இருக்கற விவரமெல்லாம் மொத்தமா இருட்டாயிடும்.

எதுல ஆரம்பிக்கலாம்?

'அந்த நாள்' முதல்ல. அடுத்து 'புதிய பறவை', முடிஞ்சா ரெண்டு தடவை. முகமூடிக் கொலையாளியும் வீடு முழுக்கச் சந்தேகப் பேர்வழிகளும் வேணும்னா ஏவிஎம்மோட 'அதே கண்கள்' (1967). பேர்லயே துப்பு இருக்கு. அகதா கிறிஸ்டி பிடிக்கும்னா, அவரோட 1939 நாவலைத் தழுவி பாலச்சந்தர் எடுத்த 'நடு இரவில்' (1970). உறவுக்காரங்க கூடற ஒரு வீட்டுல ஒவ்வொருத்தரா சாகறாங்க. கடைசியா 'ஊமை விழிகள்' (1986). திரைப்படக் கல்லூரியில படிச்சுட்டு வந்த பசங்க சேர்ந்து எடுத்த படம் அது. நம்மள மாதிரி ஒரு டீம் ப்ராஜெக்ட்தான், ஆனா ரிசல்ட்டைப் பாருங்க.

பழைய படங்கள் போடற சேனல்கள்ல இதெல்லாம் அப்பப்ப வரும். செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறப்ப ஒண்ணு மாட்டினா, போனை ஓரமா வச்சுட்டு வீட்டுல இருக்கறவங்களோட உட்காருங்க. அவங்களுக்கு முடிவு தெரிஞ்சிருக்கும், உங்களுக்குத் தெரியாது. யார் கொலையாளின்னு நீங்க ஒவ்வொரு இடைவேளையிலயும் மாத்தி மாத்திச் சொல்றப்ப, அம்மாயி வாயைத் திறக்காம சிரிச்சுட்டே இருப்பாங்க. அந்தச் சிரிப்பை வச்சு ஏதாவது துப்பு கிடைக்குதான்னு பாருங்க. கிடைக்காது.