அஞ்சலட்டையின் மறுபக்கம்

பழைய படஅஞ்சலட்டைகளைச் சேகரிப்போர் உலகெங்கும் உளர். கண்ணைக் கவரும் படங்களுக்காகவே அவர்கள் அவற்றைத் தேடுகின்றனர் என நாம் எண்ணுகிறோம். ஆனால் தேர்ந்த சேகரிப்பாளர், படத்தைப் பார்த்தவுடன் அட்டையைத் திருப்பி மறுபக்கத்தையே நெடுநேரம் ஆராய்வார். வரலாற்றின் ஒரு பாதி அங்கேதான் மறைந்திருக்கிறது.

உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் முதல் நாளன்று ஆஸ்திரிய-ஹங்கேரிய அரசில் வெளிவந்தது. நாலு வரிச் செய்திக்குத் தாளும் உறையும் எதற்கு என்று கேட்ட பொருளாதாரப் பேராசிரியர் எமானுவேல் ஹெர்மானின் யோசனை அது. மறு ஆண்டே இங்கிலாந்து அதனை ஏற்றது. இந்தியாவில் 1879-இல் கால் அணா விலையில் வந்தது. செலவுக்கஞ்சிக் கடிதம் எழுதாதிருந்த எளியோரும் அதன்பின் எழுதலாயினர்.

படஅட்டைகள் தோன்றிய காலத்தில் பின்பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம்; செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டும். 1902-இல் இங்கிலாந்து அப்பக்கத்தை ஒரு கோட்டால் பிரித்து, ஒரு பாதியைச் செய்திக்கு ஒதுக்கியது. எனவே, கோடில்லாத ஆங்கில அட்டை பெரும்பாலும் அதற்கு முந்தியதே. இவ்வாறு ஒரு சிறு கோடும் காலத்தைக் காட்டுகிறது.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைவீரருக்கு வழங்கப்பட்ட அட்டை உள்ளத்தை உருக்குவது. "நலமாயிருக்கிறேன்", "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்" என்னும் பொருள்பட வாக்கியங்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டு, கையொப்பமும் தேதியும் மட்டும் இடலாம். வேறொரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும். வீட்டிலிருந்த தாய்க்கோ, அடிபடாத அந்த ஒரு வரியே மகனின் குரல்!

அதே போரில், 1914 செப்டம்பர் 19 அன்று, பிரான்சு நாட்டு ரீம்ஸ் நகரப் பேராலயம் குண்டுவீச்சால் தீப்பற்றியது. புன்னகைக்கும் வானதூதர் சிலையின் தலை உடைந்து விழுந்தது. போருக்கு முன் எடுத்த பேராலயப் படமும், பின் எடுத்த இடிபாட்டுப் படமும் அஞ்சலட்டைகளாக உலகெங்கும் சென்றன. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குப் போரின் கொடுமையை விளக்க வேறு நூல் வேண்டுமோ?

இத்தகைய சான்றுகளை நாமே அழித்துவிடலாகாது. தபால்தலைக்காகப் பிள்ளைகள் அட்டையின் மூலையைக் கத்தரித்துவிடுவதுண்டு. அதனுடன் ஊரையும் நாளையும் கூறும் அஞ்சல் முத்திரையும் போய்விடுகிறது. மறுபுறத்துப் படமும் சிதைகிறது. பசை தடவி ஆல்பத்தில் ஒட்டினாலோ, எழுத்துப் பக்கம் என்றென்றைக்கும் மறைந்துவிடும். நான்கு மூலைகளையும் தாள் மடிப்புகளில் செருகி வைப்பதே நன்று. வெயிலும் ஈரமும் படாமலும், பூச்சி அரிக்காமலும் காப்பது அவசியம்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலும் சில அட்டைகள் இருக்கலாம். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டறிந்து, தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். அட்டை நூறாண்டு தாங்கும். அதன் கதையை அறிந்தவர் அத்தனை காலம் நம்மோடு இருப்பதில்லை.