மூணு நூல் சந்து

கார்த்திகை மழையில், மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சிப்பம் பலகையோடு பாளையங்கோட்டையில் பஸ் இறங்கினேன்.

"தேன் பெட்டி சரி, பூச்சி எங்க?" என்றாள் மனைவி.

"தை பிறக்கட்டும்."

"காலிப் பெட்டிக்கு இப்ப என்ன அவசரம்?"

அவசரம்தான். மாசியில் ரப்பர் தளிர்த்துவிட்டால் மார்த்தாண்டத்தில் தேன்காரர்கள் நின்று பேசமாட்டார்கள். (அந்தத் தேன் பூவில் இல்லை சார், தளிர் இலைக் காம்பில் சுரக்கிறது!)

போன வருஷம் உள்ளூர் ஆசாரியிடம் பெட்டி செய்தேன். "ரெண்டு நூல் கூடினா என்ன அண்ணாச்சி, பூச்சி டேப் வச்சா பாக்கும்?" என்றார். பார்த்தது! சட்டத்தையும் சுவரையும் சேர்த்து அடை கட்டிவிட்டது. கத்தியால் அறுத்தேன், ராணி நசுங்கியது, கொஞ்ச நாளில் கூட்டமே காலி.

1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கண்ட ரகசியமே அந்தச் சந்துதான். சுமார் மூணு நூல் என்றால் தேனீ அதை நடைபாதையாக விட்டுவைக்கும். கூடினால் அடை கட்டும். நம்ம ஊர்ச் சின்னப் பூச்சிக்கு இன்னும் கொஞ்சம் குறைச்சல். அதற்கேற்ற பெட்டியை 1910-களில் திருச்சியில் செய்தவர் நியூட்டன் பாதிரியார். அவர் பெயரில்தான் இன்றும் விற்கிறது.

இந்தத் தடவை மகளின் ஸ்கேலோடு உட்கார்ந்தேன். புழு அறையின் ஏழாவது சட்டம் சரியாக உட்கார்ந்தபோது ராத்திரி பதினொன்று.

எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். அடுக்களையில் நாலு எவர்சில்வர் கிண்ணம் குறைவதை அவள் இன்னும் கவனிக்கவில்லை.