வெயில் தேடிப் புரிக்குப் போனோம்

தில்லியில் டிசம்பர் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று சங்க அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கும் விளக்குப் போட வேண்டும். துவைத்த வேட்டி மூன்று நாளானாலும் காயாது. சூரியன் என்று ஒன்று இருப்பதைக் காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இளைஞர்கள் ஒரு ஸ்வெட்டரோடு சமாளித்து விடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் நெஞ்சில் சளி கட்டுகிற உடம்புக்காரர்களுக்கு, புகையும் பனியும் சேர்ந்து படுத்தும் பாடு சொல்லி முடியாது.

என் மனைவிக்கு ஐந்து வருடமாக இதே கதை. தீபாவளி கழிந்ததும் இருமல் ஆரம்பிக்கும்; ஹோலி வரை விடாது. இரவில் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து, உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். ஒவ்வொரு வருடமும், "நம்ம ஊர்ப் பக்கமே போயிடலாமேங்க" என்பாள். நானும் ஒவ்வொரு வருடமும், "பேரனுக்குப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்பேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறக்க வீட்டில் ஆள் வேண்டுமே!

சென்ற குளிர்காலத்தில் டாக்டர் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினார். "கொஞ்ச நாளாவது இந்தக் காற்றை விட்டு இவரை வெளியே அழைத்துப் போங்கள்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயில்வேயில் 36 வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பின்னும் கையில் பாஸ் வைத்துக்கொண்டு, ஐந்து வருடமாக இவளை எங்கும் அழைத்துப் போகவில்லை. மகன் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டான். கடற்கரையில் நான்கு நாள் தங்குவதாக ஏற்பாடு. சென்னைக்குப் போனால் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கு ஏறி இறங்கவே நாள் சரியாகிவிடும். ஆகவே புரி. தில்லியிலிருந்து நேர் வண்டி, கடல், வெயில், போதாக்குறைக்கு ஜகந்நாதர்!

பனியில் ஒரு பயணம்

தூரம் 1800 கிலோமீட்டருக்கு மேல். இரவில் ஏறினால், ஒழுங்காக ஓடும் வண்டி மூன்றாம் நாள் விடிகாலையில் புரியில் விட்டுவிடும். குளிர்காலத்தில் ஒழுங்கு ஏது? முகல்சராய் (2018 முதல் அதற்குத் தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு என்று பெயர்) போய்ச் சேரும் வரை ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர்தான்.

பக்கத்து இருக்கைக்காரர் வண்டி ஊர்கிறதே என்று அலுத்துக்கொண்டார். தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்தவன் என்பதால் எனக்கு அலுப்பு வரவில்லை. பனிக்காலத்தில் கேங்மேன்கள் ராத்திரியில் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் போய் நிற்பார்கள். தண்டவாளத்தின் மேல் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு 'பட்டாக்கா' வைப்பார்கள். இன்ஜின் சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். 'சிக்னல் வருகிறது, கண்ணை விரி' என்று டிரைவருக்கு அதுதான் சேதி. இப்போது அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். கருவி இன்ஜினுக்கு வந்துவிட்டது. இருந்தாலும் அடர்பனியில் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருட்டில் நின்ற அந்த ஆட்களை நினைத்தால், தாமதமாகப் போகிற வண்டியைத் திட்ட வாய் வராது.

டாடாநகர் தாண்டியதும் பனி விலகிவிட்டது. பாலேஸ்வருக்குப் பிறகு தென்னையும் குளமும் நெல் அறுத்த வயலுமாக வர, மனைவி ஜன்னலை விட்டு அகலவில்லை. குர்தா ரோடிலிருந்து புரிக்கு 44 கிலோமீட்டர். 1897-இல் போட்ட பாதை அது. அதற்கு முன் யாத்திரிகர்கள் நடந்தும் மாட்டு வண்டியிலும்தான் வந்தார்கள். நாங்கள் இறங்கியபோது உச்சி வெயில். ஆறு மணி நேரம் தாமதம். ஆனால் பிளாட்பாரத்திலேயே ஸ்வெட்டரைக் கழற்றினோம்!

கடலிலிருந்து எழும் சூரியன்

டிசம்பர், ஜனவரியில் புரியில் பகல் வெப்பம் 27, 28 டிகிரி. ராத்திரிக்கு ஒரு மெல்லிய போர்வை போதும். நம் மெரினா கிழக்கே பார்த்தது. மாலைச் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். புரிக் கடற்கரை ஏறக்குறையத் தெற்கே பார்த்தது. குளிர்காலத்தில் சூரியனும் தெற்கே சாய்ந்திருப்பதால், காலையில் கடலிலிருந்தே எழுகிறது; மாலையில் கரையோரமாகவே இறங்குகிறது. பகல் முழுவதும் முகத்தில் வெயில். தில்லியிலிருந்து போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அலை மட்டும் முரட்டு அலை. திரும்பும் தண்ணீர் காலுக்குக் கீழே மணலை இழுத்துக்கொண்டு போகும். கூம்புத் தொப்பி போட்ட 'நூலியா' என்னும் மீனவர்கள் கூலிக்குக் கையைப் பிடித்துக் குளிக்க வைக்கிறார்கள். என் மனைவி முழங்கால் அளவு தண்ணீரில் நின்றதோடு சரி. ஆனால் அன்று ராத்திரி ஒரே தலையணையில் படுத்து, விடியும்வரை இருமாமல் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை. ஒரே நாளில் அடங்குகிற இருமலை ஐந்து வருடம் விட்டுவைத்தோமே என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

கோயிலும் கோணார்க்கும்

ஜகந்நாதர் கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியவர் அனந்தவர்மன் சோடகங்கன். அவருடைய தாய் சோழ இளவரசி. பெயரிலுள்ள 'சோட' அங்கிருந்து வந்தது. கலிங்கத்துப்பரணி பாடும் போரில் முதலாம் குலோத்துங்கன் படையிடம் தோற்ற கலிங்க மன்னரும் இவரே. தாய் வழிச் சொந்தத்தோடேயே சண்டை! சுமார் 65 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆனந்த பஜாரில் மண்பானை மகாபிரசாதம் வாங்கி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் அதில் சேர்ப்பதில்லை. சாதி பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து உண்பது அங்கே மரபு.

மறுநாள் கோணார்க். கடலோரச் சாலையில் 35 கிலோமீட்டர். வெயில் தேடிப் போனவர்கள் சூரியன் கோயிலைப் பார்க்காமல் வரலாமா? 13-ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவர் கட்டியது, 24 சக்கரங்கள். பெரிய ஆரக்கால் எட்டு. ஒரு காலிலிருந்து அடுத்ததற்கு மூன்று மணி நேரம். வழிகாட்டி அச்சின் மேல் விரலை வைத்து, விழுந்த நிழலைக் கொண்டு மணி சொன்னார். என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். பெரிய வித்தியாசம் இல்லை. பிரதான விமானம் எப்போதோ விழுந்துவிட்டது. எஞ்சிய முன் மண்டபமும் சரிந்துவிடக் கூடாதென்று 1903-இல் உள்ளே மணலைக் கொட்டி, வாசலை அடைத்தார்கள்.

பென்டகோட்டா மீனவர்

மூன்றாம் நாள் மாலை கரையோரமாக நடந்து, பென்டகோட்டா மீனவர் குடியிருப்புப் பக்கம் போனோம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மகனிடம் பேசியது காதில் விழுந்ததும் என் மனைவி நின்றுவிட்டாள். தெலுங்கு! அவள் பிறந்தது கும்மிடிப்பூண்டிப் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. உடனே பேச்சுக் கொடுத்தாள்.

அவருடைய தாத்தா காலத்தில் ஆந்திரக் கடலோரத்திலிருந்து வந்தார்களாம். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் ஒடியா. கட்டுமரத்தை அவர் 'தெப்ப' என்று சொன்னதும் இவளுக்குச் சிரிப்பு. நம் தெப்பக்குளத்துத் தெப்பமாயிற்றே. இப்போது தெப்பம் குறைந்து ஃபைபர் படகுகள் வந்துவிட்டன.

2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் புரி அருகேதான் கரையைக் கடந்தது. முன்கூட்டியே பத்து லட்சம் பேருக்கு மேல் அப்புறப்படுத்தினார்கள். இவர் குடும்பம் முகாமிலிருந்து திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. ஆந்திராவிலுள்ள உறவினர்கள், "இங்கேயே வந்துவிடுங்கள்" என்று கூப்பிட்டார்களாம்.

"ஏன் போகவில்லை?" என்று கேட்டாள் இவள்.

"போனேன் அம்மா. இரண்டு மாதம் இருந்தேன். அந்தக் கடலில் எங்கே மீன் படும் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்."

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. கடைசியில், "நம்ம ஊர்ல இப்ப எனக்கு யாரைத் தெரியும்? கூடப் படிச்சவங்க நாலு பேரு இருந்தா அதிகம். ஆனா ராத்திரி தூங்கணுமேங்க" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பேரனை விட்டுவிட்டு வா என்று சொல்லும் தைரியமும் இல்லை. இரு என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.

போகிறவர்களுக்கு

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பனிக்காலத்தில் வண்டி தாமதமாகும். வந்து சேரும் நாளில் வேறு திட்டம் வைக்காதீர்கள். துணையில்லாமல் கடலில் இறங்காதீர்கள். கோயிலுக்குள் செல்போன், தோல் பொருட்களுக்கு அனுமதி இல்லை. இன்னொன்று: 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் டிக்கெட் பதிவு செய்ய முடியும்.

அந்த 60 நாள் கணக்கைச் சமையலறைக் காலண்டரில் இப்போதே குறித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நான்கு நாள் அல்ல. பேரன் சாவியைக் கையாளப் பழகிக்கொண்டான். போகும் டிக்கெட்டை நான் எடுப்பேன். திரும்பும் தேதியை மட்டும் அவள் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.