கடையைக் கொடுக்குமுன் கணக்கைக் கொடுங்கள்

"நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது." தோட்ட வேலையை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கிய தந்தையரிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். பாசத்தில் பிறந்த பேச்சு, குறை சொல்வதற்கில்லை. ஆனால், பெற்றோர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். கஷ்டத்தை மறைக்கும்போது, அதில் நாம் கற்ற பாடத்தையும் சேர்த்தே பிள்ளையிடமிருந்து மறைத்துவிடுகிறோம் அல்லவா?

தோட்டப் பள்ளி ஆசிரியன் என்ற முறையிலும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் என்ற முறையிலும் இதை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் பால்மரம் சீவியவர். லயத்துக்குப் பின்னால் இரண்டு கறவை மாடுகள் வைத்திருந்தார். விடியுமுன் பால் கறந்துவிட்டுத்தான் பிரட்டுக்குப் போவார். போத்தல்களை வீடு வீடாகக் கொடுப்பதும், 555 நோட்டில் கணக்கு எழுதுவதும் என் வேலை. மாதக் கடைசியில் புண்ணாக்குக்கு எவ்வளவு, தவிட்டுக்கு எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று என்னையே கூட்டிக் கழிக்கச் சொல்வார். விற்ற பணம் வேறு, லாபம் வேறு என்பதை அந்த நோட்டில்தான் கற்றேன்.

ஒரு வீட்டில் மூன்று மாதம் பாக்கி நின்றது. பாலை நிறுத்திவிடலாம் என்றேன். "அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பாலையும் நிறுத்தாதே, கணக்கையும் விடாதே" என்றார். அவர்கள் சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தார்கள். இரக்கமும் கணக்கும் ஒரே கையில் இருக்க முடியும் என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. எங்களை உட்கார வைத்து, பாதியைத் தொடப்போவதில்லை என்றும், மீதியில் பட்டணத்தில் சிறிய மளிகைக்கடை போடப்போவதாகவும் கணக்குக் காட்டினார். ஆயுள் முழுதும் உழைத்த பணம் ஒருமுறைதான் வரும். வீட்டாருக்குத் தெரியாமல் அதை மொத்தமாகத் தொழிலில் போட்டுவிட்டுத் தவிக்கும் குடும்பங்களையும் நாம் பார்க்கிறோம்.

இந்நாட்டில் வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இதை நன்கு அறிந்தவர்கள். அவர்களுடைய கிட்டங்கிகளில் இளம் பையன்கள் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்தார்கள். எடுபிடி வேலை செய்து, கணக்கு எழுதப் பழகி, படிப்படியாக உயர்ந்த பிறகுதான் பொறுப்பு கைக்கு வந்தது.

சுங்கை சிப்புட்டைப் பாருங்கள். 1896-இல் மலாயா வந்த வீராசாமி அவர்கள் அங்கே ரப்பர்த் தொழிலில் உயர்ந்தார். அவருடைய மகன்தான் 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர் தந்தையின் சொத்தோடு நின்றுவிடவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டிய தொழிலாளர் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தந்தையின் தொழிலைக் கண்டு வளர்ந்த மகனுக்கு, பத்து வெள்ளியின் பலம் தெரிந்திருந்தது.

ஆனால் ஒன்று. தொழில் பழக்குவது வேறு, பிள்ளையை வேலைக்காரனாக்குவது வேறு. இரவுச் சந்தையில் நள்ளிரவுவரை கடையில் நின்ற பிள்ளை, மறுநாள் காலை என் வகுப்பில் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறது. அந்தப் பிள்ளைக்குத் தொழிலும் வராது, படிப்பும் வராது. பள்ளி நாளில் பாடம் முதலில். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் கடை போதும். செய்த வேலைக்குச் சிறு தொகை கொடுங்கள். அதில் ஒரு பகுதியை அவன் பெயரிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைக்கும் இதே முறைதான். கணக்கு ஆண்பிள்ளையின் சொத்தல்ல.

கடையில் நஷ்டம் வந்த மாதத்தில் அதையும் சொல்லுங்கள். அப்பா தோற்றுவிட்டார் என்று பிள்ளை நினைக்காது. அப்பா தன்னை நம்புகிறார் என்றுதான் நினைக்கும். வாரத்தில் ஒரு வேளையாவது கல்லாவைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைக்காகத்தான் உழைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வருடங்களைக் கழித்துவிடக் கூடாது.

கடை நாளை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சாலை மாறினால் வியாபாரம் மாறும். ஆனால் வரவறிந்து செலவு செய்யவும், வாங்கிய கடனை மறக்காமல் இருக்கவும், இல்லாதவனிடம் இரங்கவும் பழகிய பிள்ளை எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும். பெற்றோர்களே, அந்த முதலை இன்றே போடத் தொடங்குங்கள்.